பாட்டின் பெயர் எழுதாத ஏழு அட்டைகள்

கனடாவில் ஒரு மாகாணச் சட்டசபை பரமலிங்கத்தாருக்காக எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தபோது, அவர் வேலணை கிழக்கில் கிணற்றடியில் நின்று வாளிக்குப் புதுக்கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அங்கே காலை, இங்கே பொழுதுபடுகிற நேரம். குசினிக்குள் இருந்து கமலாதேவி கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தாள். அறுபத்தைந்து வயதில், முழங்கால் நோவோடு அவள் ஓடி வந்ததைப் பார்த்ததும், ஏதோ செத்தவீட்டுச் சேதி என்றுதான் அவர் முதலில் நினைத்தார்.

“இஞ்சருங்கோ, தீர்மானம் நிறைவேறீட்டுதாம். தம்பி அழுறான். பிடியுங்கோ, கதையுங்கோ.”

தம்பி என்றால் ஜெயரூபன், கமலாதேவியின் ஒரே சகோதரன். கனடாவுக்குப் போய் முப்பத்தைந்து வருசம். தன் தொகுதிச் சட்டசபை உறுப்பினரின் அலுவலகத்துக்கு இரண்டு வருசம் நடையாய் நடந்து, கடிதம் மேல் கடிதம் எழுதி, ஊர்ச்சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தி, கடைசியில் காரியத்தைச் சாதித்துவிட்டார். இன நீதிக்காக உழைத்த ஒலிபரப்பாளர் திரு. பரமலிங்கத்தை இச்சபை கௌரவிக்கிறது என்று தொடங்கும் தீர்மானம் அது. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது, கொழும்பு வானொலியில் நேயர் விருப்பம் நடத்திய இந்த மனிதர், அகதி முகாம்களில் உயிரோடிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர்களின் பெயர்களை, பாட்டுக் கேட்கிற நேயர்களின் பெயர்கள் போல மூன்று நாட்கள் வாசித்தார். தபாலும் தொலைபேசியும் நின்றுபோன நேரத்தில் வடக்கிலிருந்த குடும்பங்கள் தங்கள் பிள்ளைகள் சாகவில்லை என்று அப்படித்தான் அறிந்தன. தன் உயிரைப் பணயம் வைத்து அவர் இதைச் செய்தார். இவ்வளவும் அதில் இருந்தது.

பரமலிங்கத்தார் கைபேசியைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் ஜெயரூபன் விக்கி விக்கி அழுதுகொண்டே வாழ்த்துச் சொன்னார். இவர் வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

“தம்பி, அதை இனித் திருத்த ஏலாதோ?”

“என்னத்தைத் திருத்துறது அத்தான்? சட்டசபைப் பதிவேட்டிலை, ஹன்சாட்டிலை ஏறினது ஏறினதுதான். நூறு வருசத்துக்கும் அழியாது.”

மற்றவர்களுக்கு இது ஆறுதல் வார்த்தை. பரமலிங்கத்தார் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார்.

அவருடைய சங்கடத்தில் பாதியை இப்போதே சொல்லிவிடலாம், அந்தப் பாதியை அவர் தானே ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர். முகாம் ஆட்களின் பெயர்களைச் சேர்த்தது அவர் இல்லை. பக்கத்து அறையில் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சிறிசோம என்ற சிங்களவர்தான் அதைச் செய்தார். ஊரடங்கு அனுமதிப் பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளில் முகாம் முகாமாகப் போய், தன் காசில் வாங்கிய தபாலட்டைகளைக் கொடுத்து எழுதச் சொல்லி, மூட்டையாகக் கொண்டுவந்து பரமலிங்கத்தாரின் மேசையில் மற்ற நேயர் கடிதங்களோடு கலந்துவைத்தார். முகாமில் இருந்த சனம், வானொலிக்காரத் தமிழர் அனுப்பித்தான் இந்த ஆள் வருகிறார் என்று நினைத்தது. கதை அங்கேயே பிறந்துவிட்டது.

பரமலிங்கத்தாருக்கு ஒன்றுமே தெரியாது. வெளியே போனால் வெட்டுவார்கள் என்ற பயத்தில் நாலு நாள் நிலையத்துக்குள்ளேயே அடைந்து கிடந்து, இசைத்தட்டு அறைத் தரையில் படுத்து எழும்பியவர் அவர். தபால் முத்திரை குத்தாத அட்டைகள் கட்டுக்கட்டாக வந்தால் யாருக்கும் ஒரு சந்தேகம் தட்டவேண்டும். இவருக்குத் தட்டவில்லை. பயந்துபோன மனிதன் கையில் கிடைத்த வேலையைச் செய்வான், கேள்வி கேட்கமாட்டான். நாடு பற்றியெரிகிறது, இந்தச் சனத்துக்குப் பாட்டா கேட்கிறது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் முந்நூறு பெயரையும் வாசித்தார்.

தீர்மானம் நிறைவேறிய அடுத்த நாளே ஊரில் விழா ஏற்பாடு தொடங்கிவிட்டது. சட்டசபையின் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஜெயரூபனே கொண்டுவருகிறார், சனசமூக நிலைய மண்டபத்தில் ஞாயிறு காலை கையளிப்பு. நிலையத்தின் செயலாளர் நிலாந்தினி, பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிற பிள்ளை, அழைப்பிதழுக்கு விபரம் கேட்டு வந்தாள். பரமலிங்கத்தார் அவளைக் கதிரையில் இருத்தி, சிறிசோமவின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். தான் வெறும் வாய், செய்தது அந்த மனிதன், ஆகையால் விழா வேண்டாம் என்று முடித்தார்.

அவள் கண் கலங்கிப்போனாள்.

“ஐயா, இந்தக் காலத்திலை ஒருத்தர் தனக்கு வாற பேரை ஒரு சிங்களவருக்குக் குடுப்பாரோ? இதை நான் வரவேற்புரையிலை கட்டாயம் சொல்லுவன்.”

“பிள்ளை, நான் பணிவுக்குச் சொல்லேல்லை. உண்மையைச் சொல்லுறன்.”

“விளங்குது ஐயா” என்றாள், விளங்காத பிள்ளை. சொன்னதெல்லாம் கொப்பியில் ஏறிவிட்டது.

பிரதேச சபை உறுப்பினர் வசீகரனிடம் போனார். அவன் இன்னும் ஒரு படி மேலே போனான். இனங்களுக்கிடையே நல்லிணக்கத்துக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்று, சபையிலும் ஒரு பாராட்டுத் தீர்மானம் கொண்டுவரப் போவதாகச் சொன்னான். “பெரிய மனுசர் ஒருநாளும் தாங்கள் செய்ததெண்டு சொல்லமாட்டினம் பரமண்ணை. எங்களுக்குத் தெரியாதே?” என்று தோளில் தட்டினான்.

எங்கள் ஊர் வழக்கம் இது. கௌரவிக்கப்படுகிறவர் வேண்டாம் வேண்டாம் என்று மறுக்கவேண்டும், நாங்கள் விடாமல் இழுத்துக்கொண்டுபோய்ப் பொன்னாடை போர்க்கவேண்டும். முதல் அழைப்பிலேயே ஓம் என்று வருகிறவரைப் பற்றித்தான் பின்னால் நின்று கதைப்போம். ஆகவே பரமலிங்கத்தார் எவ்வளவுக்கு மறுத்தாரோ அவ்வளவுக்கு உயர்ந்துகொண்டே போனார். இறங்கலாம் என்று கால் வைத்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு படி ஏறினார்.

அதுவும் பாதி உண்மையை மட்டும் சொன்னதால் வந்த வினை. மற்றப் பாதியைச் சொல்லியிருந்தால் ஒருத்தரும் தோளில் தட்டியிருக்கமாட்டார்கள்.

நேயர் விருப்பத்தில் ஒரு சட்டம் இருந்தது. பாட்டின் பெயர் எழுதாத அட்டை வாசிக்கப்படமாட்டாது. நிலையம் போட்ட சட்டமில்லை, பரமலிங்கத்தார் தானே போட்டது. எந்தப் பாட்டென்றாலும் பரவாயில்லை என்று எழுதுகிறவர்கள் பாட்டை மதிக்காதவர்கள் என்பது அவருடைய முடிவு, அதை வாராவாரம் ஒலிவாங்கியில் கொஞ்சம் பெருமையோடு அறிவிப்பார். மூன்றாம் நாள் நிகழ்ச்சியில், மேசையில் இருந்த கடைசிக் கட்டில் அப்படி ஏழு அட்டைகள் இருந்தன. வீடு எரிந்து, உடுத்த உடுப்போடு சீமெந்துத் தரையில் இருக்கிறவனுக்கு எந்தப் பாட்டு நினைவுக்கு வரும்? அவர் ஏழையும் ஒன்றொன்றாகப் பார்த்தார். குப்பைக் கூடையில் போட்டார். நேரம் இன்னும் நாலு நிமிடம் மிச்சம் இருந்தது, ஒரு வாத்திய இசைத்தட்டைப் போட்டு நிரப்பினார்.

நாலாம் நாள் நிகழ்ச்சி நடக்கவில்லை. கூடையைக் கூட்டுகிறவர்கள் கூட்டிக் கொட்டிவிட்டார்கள்.

ஆவணி பிறந்து நிலைமை கொஞ்சம் அடங்கிய பிறகு, தேநீர் குடிக்கிற இடத்தில் வைத்துச் சிறிசோம எல்லாவற்றையும் சொன்னார். பரமலிங்கத்தார் ஏன் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டதற்கு, அந்த மனிதர் தனக்குத் தெரிந்த தமிழில் அமைதியாகப் பதில் சொன்னார்: “சொன்னா, நீ வாசிக்கமாட்டாய்.” அது உண்மை என்று பரமலிங்கத்தாருக்கு அந்தக் கணமே தெரிந்தது. இன்றைக்கும் தெரியும்.

ஏழு அட்டைகளில் ஒன்று மட்டும் அவருக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது, அது தீவுப்பகுதியிலிருந்து போன பிள்ளை எழுதியது என்பதால். பரமலிங்கத்தாரின் சொந்த ஊர் புங்குடுதீவு, அடுத்த தீவு வேலணை. ‘கேட்க விரும்புவோர்: வேலணை கிழக்கு, ஐயா, அம்மா, அக்கா கமலாதேவி. விரும்பிக் கேட்பவர்: ஜெயரூபன், கொழும்பு. எந்தப் பாட்டென்றாலும் சரி.’

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு அவர் ஊருக்கு வந்தார். வந்த கிழமையே வேலணைக்குப் பஸ் ஏறி அந்த வீட்டைத் தேடிப் போனார், உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க. பிள்ளை உயிரோடு இருந்தான். பத்தொன்பது வயது ஜெயரூபன் அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, வீடு வந்து சேர்ந்திருந்தான். தகப்பன்தான் இல்லை.

மூன்று நாளும் வானொலிப் பெட்டிக்கு முன்னால், அட்டையில் ‘ஐயா’ என்றிருந்த தகப்பனும் தாயும் கமலாதேவியும் இருந்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பெயர் ஒவ்வொன்றாக வந்தது. பெயர் வந்த வீடுகளில் உலை வைத்தார்கள். மூன்றாம் நாள் வாத்திய இசை தொடங்கியதும் தகப்பன், “இனி வராது” என்று சொல்லிவிட்டு எழும்பிச் சால்வையைத் தோளில் போட்டார். மகனைத் தேடிக் கொழும்புக்குப் போகிறேன் என்று போனவரைக் கமலாதேவிதான் பஸ் நிறுத்தம்வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டாள். வவுனியாவில் ஒரு மீன் லொறியில் ஏறியதைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை.

பரமலிங்கத்தார் படலையில் நின்று தன் பெயரைச் சொன்னதும் அந்தத் தாய் ஓடிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஊரைக் கூப்பிட்டாள். வானொலிப் பிள்ளை எங்கள் துன்பம் விசாரிக்க வந்திருக்கிறது என்று கதிரை போட்டாள். பால்தேத்தண்ணி வந்தது. அவர் அதைக் குடித்தார். குடித்த பிறகு எப்படிச் சொல்வது?

அடுத்த கிழமை சொல்லலாம் என்று மறுபடி போனார். மறுபடியும் தேத்தண்ணி. இப்படிப் போய்வந்துகொண்டிருந்தவருக்கு இரண்டு வருசத்தில் அந்த வீட்டிலேயே கலியாணம் பேசினார்கள். மறுப்பதென்றால் காரணம் சொல்லவேண்டும். அதோடு அவர் கமலாதேவியை விரும்பினார், அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகவே எந்த வீட்டு மனிதன் இவரால் போனானோ, அந்த வீட்டுக்குள்ளேயே வந்து குடியிருந்தார். மாமியார் பொட்டை அழிப்பதா வைப்பதா என்று தெரியாமல் பதினொரு வருசம் இருந்து செத்துப்போனாள். மாமனாரின் படம் முன்னறையில் மாலை இல்லாமல் தொங்கியது. செத்தார் என்று உறுதியில்லாத மனிதருக்கு எப்படி மாலை போடுவது? பிறகு கிடைத்த கூட்டுறவுச் சங்கத்து முகாமையாளர் வேலைக்கு அவர் காலையில் வெளிக்கிடும்போதும், பின்னேரம் வந்து செருப்பைக் கழற்றும்போதும் அந்தப் படம் பார்த்துக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்றில் இடம்பெயர்ந்து போனபோது கமலாதேவி நகையோடு முதலில் கட்டியது அந்தப் படத்தைத்தான். இருபது வருசம் ஊரூராய்த் திரிந்து, திரும்பி வந்ததும் முதலில் ஆணி அடித்ததும் அதற்குத்தான்.

இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், படித்தார்கள், வெளிநாடு போனார்கள். அவர் சொல்லவில்லை.

ஜெயரூபன் புதன்கிழமை வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை நயினாதீவு அம்மனிடம் போகவேண்டும் என்றார், அது நேர்த்தி. கமலாதேவிக்கு முழங்கால் விடவில்லை. மச்சான்மார் இரண்டு பேரும் குறிகட்டுவானுக்குப் பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, படகில் ஏறினார்கள். மேல்தட்டில் இடமில்லாமல் கீழே அடைத்த பகுதிக்குள் இறங்கவேண்டி வந்தது. பலகை வாங்குகள், தலை முட்டுகிற கூரை, இயந்திரத்தின் இரைச்சல், எண்ணெய் மணம். அதே தீவிலுள்ள புத்த விகாரைக்குப் போகிற சிங்களக் குடும்பங்கள் வெள்ளை உடுப்போடு பூத்தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து இருந்தார்கள். கடற்படைக்காரன் எல்லோருக்கும் மிதவை அங்கியை எறிந்து கட்டச் சொன்னான். பரமலிங்கத்தாருக்குக் கட்டியது கொஞ்சம் இறுக்கம்.

“அத்தான், உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும்” என்றார் ஜெயரூபன், காதுக்குப் பக்கத்தில் வந்து. “அக்காவுக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. முகாமிலை அந்தச் சிங்கள ஐயா எனக்கும் அட்டை தந்தவர்.”

பரமலிங்கத்தார் எதிர் வாங்கில் இருந்த பெண்ணின் பூத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல் நாளே தந்தவர். நான் எழுதேல்லை. என்ன எழுதுறதெண்டு தெரியாமல் சட்டைப்பைக்குள்ளை வைச்சிட்டுப் படுத்திட்டன். அடுத்த நாள்தான் எழுதிக் குடுத்தனான். பிந்திப் போச்சுது. உங்கடை கைக்கு வந்து சேரேல்லை. அண்டைக்கே குடுத்திருந்தால் நீங்கள் வாசிச்சிருப்பீங்கள், ஐயா வெளிக்கிட்டிருக்கமாட்டார். என்ரை சோம்பலாலைதான் அத்தான் ஐயா செத்தவர்.”

“அப்பிடிச் சொல்லாதையும்.”

“நாப்பத்திரண்டு வருசம் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பெண்சாதிக்குக்கூட. நித்திரைக் குளிசை இல்லாமல் எனக்குப் படுக்க ஏலாது. உங்களுக்கு இந்த மரியாதையைச் செய்துவிட்டால் கொஞ்சம் ஆறும் எண்டு நினைச்சன். நீங்கள் முந்நூறு பேரைக் காப்பாத்தினீங்கள், நான் என்ரை தகப்பனைக்கூட…”

இத்தனை காலமும் தன்னுடைய பொய் தன்னை மட்டும்தான் தின்கிறது என்று பரமலிங்கத்தார் நினைத்திருந்தார். குடும்பத்துக்குள்ளேயே இன்னொருத்தனை அது தின்றுகொண்டிருந்திருக்கிறது. அங்கியின் கயிறு நெஞ்சை அமுக்கியது, கழற்ற விடமாட்டார்கள். சொல்லத் துணிந்த நேரம் படகு துறையில் முட்டியது, சனம் எழும்பித் தள்ளியது, பேச்சு நின்றது. கோயிலில் சொல்லலாம் என்று நினைத்தார், சொல்லவில்லை. திரும்பிவருகையில் ஜெயரூபன் அவருடைய தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார், குளிசை இல்லாமல்.

அந்த நித்திரையைப் பார்த்துத்தான், சொல்லிவிடுவது என்று அவர் முடிவெடுத்தார். இல்லை, அப்படியும் சொல்லமுடியாது. சனிக்கிழமை முழுக்க முடிவை மாற்றிக்கொண்டேயிருந்தார். கமலாதேவி அவருடைய வெள்ளை வேட்டியைத் தோய்த்துக் காயப்போட்டதையும், சான்றிதழ் மாட்ட முன்னறைச் சுவரில் தகப்பன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்ததையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்துவிட்டது. வாசலில் அவருடைய படம் போட்ட பதாகை. மேடையில் நடுக் கதிரை அவருக்கு, இடப்பக்கம் ஜெயரூபன், வலப்பக்கம் வசீகரன். கமலாதேவி முதல் வரிசையில் புதுச்சேலையோடு. நிலாந்தினி சிறிசோமவைப் பற்றிச் சொன்னபோது நல்ல கைதட்டல் விழுந்தது. பிறகு ஜெயரூபன் தீர்மானத்தைத் தமிழில் வாசித்தார். அதில் கமலாதேவியின் சாட்சியமும் ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘எங்கள் வீட்டுப் பெயர் வரவில்லை, ஆனாலும் மற்ற வீடுகளில் அடுப்பு எரிந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.’ பொன்னாடை போர்த்தினார்கள். சட்டம் போட்ட சான்றிதழை அவருடைய கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். ஏற்புரைக்கு ஒலிவாங்கி வந்தது.

அவர் அதைக் கையில் பிடித்ததும் குரல் தானாக மாறியது. பழைய குரல். கிழவர்கள் சிலர் நிமிர்ந்து இருந்தார்கள்.

“நான் சொல்லப் போறதைப் பணிவு எண்டு எடுக்கவேண்டாம். மூண்டாம் நாள் என்ரை மேசையிலை ஏழு அட்டை மிஞ்சியிருந்தது. பாட்டின்ரை பேர் எழுதாத அட்டை. நான் வாசிக்கேல்லை. குப்பைக் கூடையிலை போட்டனான். நேரம் இருந்தது. வேணுமெண்டுதான் போட்டனான்.”

அவர் சான்றிதழை மேசையில் வைத்தார். தொண்டையைச் செருமினார். நாற்பத்திரண்டு வருசத்துக்கு முன்னால் வாசித்திருக்க வேண்டியதை அப்போதுதான் வாசித்தார், கையில் அட்டை இல்லாமல்.

“அடுத்து வரும் பாடலைக் கேட்க விரும்புவோர், வேலணை கிழக்கிலிருந்து ஐயா, அம்மா, அக்கா கமலாதேவி. இவர்களோடு விரும்பிக் கேட்பவர், கொழும்பிலிருந்து ஜெயரூபன். எந்தப் பாட்டென்றாலும் சரி.”

பிறகு கைதட்டல் இடிந்து விழுந்தது. கிழவர்கள் எழும்பி நின்று தட்டினார்கள். அந்தக் குரலைக் கேட்கத்தானே வந்திருந்தார்கள்! குடும்பத்தின் பெயர்களை வைத்து அவர் தங்களுக்காக ஒருமுறை நிகழ்ச்சி நடத்திக் காட்டினார் என்று சனம் நினைத்துவிட்டது. வசீகரன் ஒலிவாங்கியைக் கிட்டத்தட்டப் பறித்தே எடுத்தான். “முந்நூறு பேரைக் காப்பாத்திப்போட்டு, விடுபட்ட ஏழு பேருக்காக இண்டைக்கும் வருந்துற மனம்! இந்த மனம் ஆருக்கு வரும்?” என்றான். மறுபடியும் தட்டினார்கள்.

ஜெயரூபன் தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பரமலிங்கத்தாரையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கமலாதேவியும் தட்டவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் இருந்தவள் ஏதோ சொன்னதற்குத் தலையாட்டினாள்.

வசீகரனின் வான் வண்டியில்தான் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். வழியெல்லாம் அவன் ஒருவனே கதைத்தான். இறங்கியதும் கமலாதேவி நேரே குசினிக்குள் போனாள். ஜெயரூபன் கிணற்றுக் கட்டில் இருந்தார். பரமலிங்கத்தார் பொன்னாடையோடு அவருக்கு முன்னால் போய் நின்றார்.

“அட்டை வந்ததோ?”

“வந்தது.”

“நேரத்துக்கோ?”

“ஓம். நேரத்துக்கு வந்தது. பிழை உம்மிலை இல்லை. ஒருநாளும் இல்லை. நான்தான்.”

“பாட்டுப் பேர் எழுதாததுக்கோ?”

“ஓம்.”

ஜெயரூபன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குலுங்கினார். அது சிரிப்பா அழுகையா என்று பரமலிங்கத்தாருக்குத் தெரியவில்லை, ஒருவேளை அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். நாற்பத்திரண்டு வருசச் சுமை ஒரு நிமிசத்தில் இறங்கினால் மனிதன் என்ன செய்வான்? பிறகு வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி முகம் கழுவினார். படலையைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தார். போய்விட்டு வருகிறேன் அத்தான் என்று சொல்லவில்லை.

குசினியில் கமலாதேவி சோறு போட்டாள். வழக்கமான சோற்றுக்கோப்பை, வழக்கமான அளவு. கத்திரிக்காய்க் குழம்பு, பருப்பு, அப்பளம், விழாவுக்கென்று விடியவே எழும்பிச் சமைத்தது. பஸ் நிறுத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தகப்பனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் கத்தியிருந்தால், கோப்பையை எறிந்திருந்தால், அவர் காலில் விழுந்திருப்பார். அதற்கு அவள் வழிவிடவில்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

“மற்ற ஆறு பேரும் ஆர்?” என்று கேட்டாள்.

அவருக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. விளங்கியதும் கை நின்றது.

“பேர் நினைவில்லை.”

“எந்த ஊர்?”

“ஒண்டு நெடுந்தீவு போலை. மற்றது… தெரியாது கமலா.”

“தேடினனீங்களோ?”

“இல்லை.”

அவள் அவரைப் பார்த்தாள். நாற்பது வருசமாக அவருக்குச் சோறு போட்டவள், இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிற ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அங்கையும் ஒரு ஐயா இருந்திருப்பார்தானே” என்றாள். “நீங்கள் ஒரு வீட்டுக்குத்தானே வந்தனீங்கள்.”